கழியும் கழிவும்

2011 அக்டோபருக்குப் பிறகு எங்கள் வீட்டு ஜன்னல் கட்டையில் கரி படிவது நின்றுவிட்டது. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்து அங்கேயே கிழவனானவன் என்ற முறையில், என் வாழ்நாளில் நான் பங்கெடுத்துக்கொண்ட ஒன்றிரண்டு நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. அது நல்ல காரியம்தானா என்ற சந்தேகமும் ஏறத்தாழ அன்றிலிருந்தே இருக்கிறது. இதுவரை எழுதாததற்குக் காரணம், எழுதினால் கரித்தூசிக்கு வக்காலத்து வாங்குகிறவன் என்று நண்பர்கள் எடுத்துக்கொள்வார்களே என்ற பயம்தான். வேறு பெரிய காரணம் ஏதுமில்லை.

தூசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெருப் புழுதி மாதிரி இருக்காது. ஈரத்துணியால் துடைத்தால் இழுபட்டு மையாகிவிடும். வெள்ளை வேட்டியை மொட்டை மாடியில் காயப்போட முடியாது. அம்மா காலையில் ஒரு தடவையும், சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன் ஒரு தடவையும் தரையைத் துடைப்பாள். இரண்டு தடவையும் வாளித் தண்ணீர் கறுப்பாகத்தான் சாக்கடைக்குப் போகும். கடல்காற்று வீச ஆரம்பிக்கும் நேரம் மற்ற ஊர்களில் ஜன்னலைத் திறக்கிற நேரம். எங்கள் தெருவில் அது ஜன்னலைச் சாத்துகிற நேரம். அப்பா ஹார்பரில் டாலி கிளார்க். மூட்டைச் சரக்கை எண்ணிக் கணக்கு எழுதியவர், கரிக்கப்பல் பக்கம் போனவரல்ல. ஆனாலும் அம்மா புலம்பினால், "கரி வருதேன்னு கவலப்படாத, கரி வரலன்னாதான் கவலப்படணும்" என்பார். ஹார்பருக்கு வருவது எல்லாமே தன் வீட்டுக்கு வருவது என்று எண்ணும் பழக்கம் அந்தத் தலைமுறைக்கு இருந்தது. 2011-ஐப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாரா என்பதில் எனக்கு நிச்சயமில்லை.

தெருக்காரர்கள் சேர்ந்து மனு எழுதினார்கள். தமிழ் தெரிந்தவன் என்று என்னிடம் கொண்டுவந்தார்கள். வாசகத்தைத் திருத்திக் கொடுத்தேன். 'சுவாசிக்கும் உரிமை' என்ற தொடர் நான் சேர்த்ததுதான். கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனேன். எங்கள் காகிதம் ஒன்றினால்தான் எல்லாம் நடந்தது என்று சொல்லமாட்டேன். இதே புகார் வடசென்னையின் பல மூலைகளிலிருந்து பல வருஷங்களாகப் போய்க்கொண்டிருந்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம், சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளப்படுவதை நிறுத்தச் சொன்னது. அந்த அக்டோபரிலிருந்து கரிக்கப்பல்கள் எண்ணூருக்குத் திரும்பின.

என் அக்காவைக் கத்திவாக்கத்தில் கொடுத்திருக்கிறது. மாமா ஓர் அனல்மின் நிலையத்தில் வெகுகாலம் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். நான் தீர்ப்புச் செய்தியோடு அரைக்கிலோ அல்வாவும் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா அல்வாவை வாங்கி வைத்துவிட்டு, நாற்காலியைப் புடவைத் தலைப்பால் துடைத்து என்னை உட்காரச் சொன்னாள். நான் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லி முடித்தேன். அவள் கேட்டாள்:

"ஒங்க தெருவுல நின்னுச்சுன்னா எங்க தெருவுக்கு வந்துருக்குதுன்னு அர்த்தம். அது வேற எங்கடா போவும்?"

கோபமாகச் சொல்லவில்லை. தம்பிக்குக் கணக்குச் சொல்லித்தரும் தோரணையில் சொன்னாள். சிறுவயதில் எனக்குக் கழித்தல் கணக்குச் சொல்லித்தந்தவளும் அவள்தான். நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

அக்கா சொன்னதில் ஒரு திருத்தம் செய்யலாம். கரி எண்ணூருக்குப் புதிதாக வந்த ஒன்றல்ல. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டதே முக்கியமாக அனல்மின் நிலையங்களுக்குக் கரி இறக்கத்தான்; 2014-ல் அதற்குக் காமராஜர் பெயரை வைத்தார்கள். ஒரிஸ்ஸாவின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டியது ரயிலில் பாரதீப்புக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறி இங்கே வருகிறது. 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் முதல் உலை எரியத் தொடங்கியது. 450 மெகாவாட்டுக்கு வளர்ந்து 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அதற்குள் அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் நிலையம் என்று எழும்பி, 2024-ல் திறந்த 800 மெகாவாட் உலையையும் சேர்த்தால் கழியைச் சுற்றி 4,000 மெகாவாட்டுக்கு மேல் நிற்கிறது. ஆகவே நாங்கள் செய்தது, ஏற்கெனவே நிரம்பிய தட்டில் இன்னொரு கரண்டி வைத்தது. இந்தத் திருத்தம் அக்காவின் வாக்கியத்தைப் பலவீனப்படுத்துகிறதா, பலப்படுத்துகிறதா என்று வாசகரே பார்த்துக்கொள்ளலாம்.

*

இளம் வயதில் நான் கவிதை எழுதினேன். ஒன்றில் எண்ணூர்ப் புகைபோக்கி வந்தது. வானத்தைக் குற்றம்சாட்டும் விரல் என்றோ என்னவோ எழுதியிருந்தேன். படிமம் நன்றாக விழுந்திருப்பதாக நண்பர்கள் சொன்னார்கள். அந்தக் காலத்தில் ஆலைப் புகை எங்கள் எல்லோருக்கும் அந்நியமாதலின் சின்னம். தனிமனிதனின் வெறுமைக்கு ஏற்ற பின்னணித் திரை. அந்தப் புகை எங்கே போய் இறங்குகிறது என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. புகைபோக்கியின் உயரத்துக்கு விதி இருக்கிறது என்பதே எனக்கு வெகு பின்னால்தான் தெரியவந்தது: 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள உலை என்றால் 275 மீட்டர், அதற்குக் கீழே 200 மெகாவாட் வரை 220 மீட்டர். உயரம் எதற்கு? புகை வெகுதூரம் போய் மெலிந்து இறங்குவதற்கு. குற்றம்சாட்டும் விரல் என்று நான் எழுதியது, குற்றத்தைத் தூர அனுப்புகிற குழாய்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய தந்திரம் அல்ல. 1952 டிசம்பரில் லண்டனில் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 1956-ல் காற்றுத் தூய்மைச் சட்டம் கொண்டுவந்தார்கள். மின்நிலையங்கள் நகரத்தை விட்டு விலகின; புகைபோக்கிகள் உயர்ந்தன. லண்டன் வெளுத்தது. சில வருஷங்களில் நார்வேயிலும் ஸ்வீடனிலும் ஏரி மீன்கள் செத்தன. பிரிட்டனும் ஐரோப்பாவின் மற்ற தொழில் நாடுகளும் உயரத்தில் விட்ட கந்தகம் கடல் தாண்டி மழையோடு இறங்கிக்கொண்டிருந்தது. 1972-ல் ஸ்டாக்ஹோமில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் மாநாட்டைக் கூட்ட ஸ்வீடன் முனைந்து நின்றதற்கு இந்த மழையும் ஒரு காரணம். பிரிட்டன் தன் கடைசிக் கரி மின்நிலையத்தை மூடியது 2024 செப்டம்பர் 30-ல்தான்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். சென்னைக்காரர்கள் எல்லோரும் மெரினாவில் காற்று வாங்கியிருக்கிறோம். அந்த அகன்ற மணல் எப்படி வந்தது என்று யோசித்ததுண்டா? நம் கரையில் மணல் வருஷம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களின் நடுவில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். மணல் சுவரில் தடுக்கி நின்றது. தெற்கே கடற்கரை வளர்ந்தது. வடக்கே, வரவேண்டிய மணல் வராமல், கடல் ராயபுரத்தையும் திருவொற்றியூரையும் தின்ன ஆரம்பித்தது. எங்கள் பக்கம் கடற்கரை என்றால் பாறாங்கல் சுவர்தான். அதில் உட்கார்ந்து சுண்டல் தின்ன முடியாது. நகரத்தின் மிக அழகான பொது இடமும் மிக அவலட்சணமான கரையும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள். அந்தச் சுவரைக் கட்டியவர்கள் வெள்ளைக்காரர்கள், அவர்களுக்கு மணல் எங்கே நகர்கிறது என்பதில் அக்கறை கிடையாது என்று சொல்லித் தப்பிக்கலாம். 2011-ல் கரியைத் தள்ளிவிட்டவர்கள் நாங்களே. பாறாங்கல் சுவர்ப் பக்கம் வாழ்ந்தவர்கள், தள்ளிவிடப்படுவது என்னவென்று தெரிந்தவர்கள்.

*

அம்மாவுக்குச் சாம்பல் என்பது சுத்தப்படுத்துகிற பொருள். விறகடுப்பில் மிஞ்சியதை அள்ளி ஒரு தகர டப்பாவில் வைத்திருப்பாள். பித்தளைப் பாத்திரம் துலக்க, கையில் மீன் நாற்றம் போக, முருங்கை மரத்தடியில் போட. நெருப்பும் புகையும் சாம்பலும் ஒரே சமையலறைக்குள் இருந்தன. யார் சாப்பாட்டுக்கு யார் கண் எரிகிறது என்பதில் ஒரு மயக்கமும் கிடையாது. (பெண்களின் கண்கள்தான் எரிந்தன என்பதை மறந்து இதைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. காஸ் அடுப்பு வந்தபோது அம்மா அதற்குக் குங்குமம் வைத்தாள்.) மின்சாரம் செய்த பெரிய காரியம், எரிவதையும் ஒளிர்வதையும் பிரித்து வைத்தது. சுவிட்சைத் தட்டினால் நெருப்பில்லாத வெளிச்சம். மனித சரித்திரத்தில் இவ்வளவு குற்றமற்றதாகத் தோற்றமளிக்கும் பொருள் வேறொன்று விற்கப்பட்டதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ரத்தம் தெரியாமல் கறி விற்கும் கடைகூட இந்த அளவுக்கு இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பாவின் பழக்கம். கரியில் பிறக்கும் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டுக் கரியில் நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு சாம்பல். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஆகிறது. 210 கிலோ கரி. 35 பங்கு என்று வைத்தால் 73 கிலோ சாம்பல். 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்று. எல்லா யூனிட்டும் கரியிலிருந்து வருவதில்லை, காற்றும் நீரும் வெயிலும் அணுவும் கம்பியில் கலந்துதான் வருகின்றன. பாதியைத் தள்ளினாலும் ஒன்றரைச் சிப்பம். மீட்டர் பார்க்க வருகிறவர் அட்டையில் எழுதிவிட்டு, இந்த ஒன்றரைச் சிப்பத்தையும் வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போகிறார் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். வருஷத்துக்கு ஆறு தடவை. முதல் தடவை திகைப்போம். இரண்டாவது தடவை பக்கத்து மனையில் கொட்டுவோம். மூன்றாவது தடவை யாராவது ஒரு தள்ளுவண்டிக்காரர், "நான் எடுத்துட்டுப் போறேன் சார், ஏதாவது குடுங்க" என்று வருவார். எங்கே கொண்டுபோகிறாய் என்று அவரைக் கேட்கமாட்டோம். 2016-லிருந்து வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆகவே சாம்பலில் ஒரு பகுதி எனக்குச் சும்மாவே கிடைக்கிறது.

அந்தத் தள்ளுவண்டி போகும் இடத்துக்குப் பெயர் இருக்கிறது. செப்பாக்கம். சாம்பல் குளத்தின் ஓரத்தில் அந்த ஊர் இருக்கிறது. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் கழியைத் தாண்டிக் குளத்துக்கு அனுப்புவார்கள். குழாய் ஒழுகினால் சாம்பல் கழியில். இது வருஷக்கணக்காக நடந்தது. 2017-ல் கமல்ஹாசன் வந்து பார்த்துவிட்டுப் பேசியபோது சில நாட்கள் பத்திரிகைகளில் படம் வந்தது. 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு மின்வாரியத்தைப் பொறுப்பாளியாக்கிக் கழியை மீட்கும் வேலைகளுக்கு உத்தரவிட்டது. சாம்பலில் ஒரு பகுதி செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் அக்கா என்னைக் கூட்டிப்போனாள். சேறு எது, சாம்பல் எது என்று எப்படித் தெரியும் என்று நான் அசட்டுத்தனமாகக் கேட்டேன். "சேறு காலப் புடிக்கும். இது புடிக்காது, வுட்டுடும்" என்றார் அந்த அம்மாள்.

'கழி' என்பது பழைய சொல். கடல்நீர் உள்ளே வந்து தங்கும் இடம். கண்டல் வளரும் இடம். சங்கக் கவிதையின் நெய்தல் நிலம் முழுக்க அந்தச் சொல் விரவிக் கிடக்கிறது. நம் விமர்சகர்கள் நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அந்த நிலத்துக்கு ஒரு பின்கோடு இருப்பது அவர்கள் கவனத்துக்கு வருவதில்லை. 'கழிவு' வேறு சொல், வேறு காரியம். இரண்டும் அடுத்தடுத்து ஒலிப்பதை நான் ஒரு வாதமாக வைக்கவில்லை. ஆனால் ஆட்சி இந்த இரண்டையும் ஒன்றாகவே வாசித்தது என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. 1996-ல் ஒப்புதலான கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழி இருக்கிறது. அதற்குப் பின் புழக்கத்துக்கு வந்த இன்னொரு வரைபடத்தில் அது இல்லை. ஆயிரக்கணக்கான ஏக்கர் நீர், காகிதத்தில் ஆவியாகியிருந்தது. 2017-ல் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக இது வெளியே வந்தது. பட்டா இல்லாத இடம் புறம்போக்கு. புறம்போக்கு என்றால் யாருக்கும் உரியதல்ல. யாருக்கும் உரியதல்லாத இடத்தில் எதையும் கொட்டலாம். இந்தத் தர்க்கத்தில் முதல் அடி மட்டும்தான் சரி. எல்லோருக்கும் உரியது என்ற அர்த்தத்தில் வைத்த சொல், நம் வாயில் மனிதர்களைத் திட்டும் சொல்லாகிவிட்டது. டி.எம். கிருஷ்ணா 2017-ல் கழிக்கரையில் நின்று பாடியது இதைப் பற்றித்தான். பாட்டு நன்றாக இருந்தது. பாட்டு நன்றாக இருந்தது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

*

இதுவரை எழுதியதைப் படித்த நண்பர் ஒருவர் இரண்டு ஆட்சேபணைகள் சொன்னார். முதலாவது: "2012 ஞாபகம் இருக்கிறதா? மதுரையிலும் கோவையிலும் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரன்ட் இல்லை. உங்கள் சென்னையில் இரண்டு மணி நேரம்தான். பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள், தறி நின்றுபோன நெசவாளிகள், இவர்களிடம் போய் உங்கள் சாம்பல் கணக்கைச் சொல்லுங்கள்." நியாயம்தான். அந்தப் பிள்ளைகளின் விளக்கு எரிய வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தையே பெரிய அநீதியாகப் பேசிக்கொண்டிருந்தவன் நான்.

இரண்டாவது: "உங்கள் அக்கா வீட்டில் மின்விசிறி இல்லையா? உங்கள் மாமா அந்த உலையில்தானே சம்பாதித்தார்?" இதுவும் நியாயம். மாமாவின் சம்பளத்தில்தான் அக்கா மகள் நர்சிங் படித்தாள். எண்ணூர்க்காரர்கள் எல்லோரும் களங்கமற்றவர்கள், மற்றவர்கள் எல்லோரும் பாவிகள் என்று பிரித்துக் காட்டினால் கட்டுரை எடுப்பாக இருக்கும். அது பொய்.

இந்த இடத்தில் நம் பத்திரிகைகளின் வழக்கப்படி தாஸ்தாவ்ஸ்கி வரவேண்டும். வருகிறார். இவான் கரமஸோவ் தம்பியிடம், ஒரே ஒரு குழந்தையின் துன்பத்தின் மேல் மனிதகுலத்தின் சுகத்தைக் கட்டலாம் என்றால் அந்தக் கட்டடத்தின் சிற்பியாக இருக்கச் சம்மதிப்பாயா என்கிறான். அல்யோஷா மாட்டேன் என்கிறான். நாற்பது வருஷம் முன்பு இதைப் படித்து நானும் மாட்டேன் என்று சொன்னேன், சிரமமே இல்லை. பிற்பாடு புரிந்தது, என்னிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கப் போவதில்லை என்று. சிற்பி வேலை காலியாக இல்லை. கட்டடம் ஏற்கெனவே கட்டப்பட்டு, அதில் நாம் வாடகைக்கு வந்திருக்கிறோம். வாடகை குறைவு. நான் இன்று என் மின்விசிறியை நிறுத்தினால் செப்பாக்கத்தில் ஒரு கரண்டி சாம்பல்கூடக் குறையாது. காலி பண்ணிக்கொண்டு போனால் இன்னொருவர் குடிவருவார். விளைவை வைத்துக் குற்றத்தை அளந்தால் என் பங்கு பூஜ்யம். ஒவ்வொருவர் பங்கும் பூஜ்யம். பூஜ்யங்களைக் கூட்டினால் ஒரு மலை வருகிறது. அப்பாவின் டாலிப் புத்தகத்தில் இப்படி ஒரு கூட்டல் வந்திருந்தால் அவரை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

தெரிந்தவனாக இருப்பதே போதும் என்று கொஞ்ச காலம் நினைத்தேன். குறைந்தபட்சம் சாம்பல் எங்கே போகிறது என்று அறிந்துகொண்டு வாழ்வது. ஆனால் இந்த அறிதல் எவ்வளவு சீக்கிரம் ஓர் ஆபரணமாகிவிடுகிறது என்பதை என்னிடமே பார்த்தேன். குற்ற உணர்வு ஒரு எழுத்தாளனுக்கு நன்றாகப் பொருந்தும். கூட்டங்களில் எண்ணூரைப் பற்றி உருக்கமாகப் பேசிவிட்டு, மின்தூக்கியில் இறங்கி வந்து டீ குடித்திருக்கிறேன். சிறுபத்திரிகைக்காரர்களின் பிரக்ஞை என்பது பெரும்பாலும் இப்படி யாருக்கும் செலவில்லாத ஒரு பிரக்ஞை.

*

சில காலம் முன்பு எண்ணூரில் ஒரு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனேன். எந்தத் திட்டம் என்பது இங்கே அவசியமில்லை. இப்படிக் கூட்டம் நடத்த வேண்டும் என்ற விதி 1997-ல் வந்தது. 2006 அறிவிக்கை அதை விரிவாக எழுதியது. திட்டம் வரும் இடத்திலேயே, அல்லது அதற்கு மிக அருகில், பாதிக்கப்படும் உள்ளூர் மக்களின் கவலைகளைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். நல்ல விதி. பந்தல், மேடை, தண்ணீர் பாக்கெட், போலீஸ், பெண்கள் கூட்டம். மீனவர் ஒருவர் 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படிந்ததையும், அதை மக்கில் மொண்டு மொண்டு எடுத்ததையும் சொன்னார். அதே மாதக் கடைசியில் நடுராத்திரியில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றதை ஒரு பெண் சொன்னாள். இன்னொருவர் வேலை கேட்டார். எல்லாம் பதிவாயிற்று.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. பாதிக்கப்படுகிறவர்கள் வந்து பேச வேண்டும் என்று விதி இருக்கிறது. பயன்பெறுகிறவர்கள் வந்து பேச வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இந்த மின்சாரத்தில் வெளிச்சம் காணப்போகிற அண்ணா நகரும் வேளச்சேரியும் ராயபுரமும் அந்தப் பந்தலில் இல்லை. விருப்பமிருந்தால் எழுத்தில் அனுப்பலாம், அவ்வளவுதான். 'பொது நன்மைக்காக' என்று மேடையிலிருந்து ஓர் அதிகாரி சொன்னார். அந்தப் 'பொது' எழுந்து நின்று, "ஆமாம், எனக்கு வேண்டும், உங்கள் கழி எவ்வளவு போகும் என்று தெரிந்துதான் கேட்கிறேன், அதற்கு ஈடாக நான் இதை இதைச் செய்கிறேன்" என்று சொல்ல ஏன் நிர்ப்பந்தம் இல்லை? கேட்கிறவன் வராமல் கொடுக்கிறவனை மட்டும் வரவழைத்து, கொடுப்பாயா என்று விசாரிக்கும் சபை வேறெங்காவது உண்டா?

பயனாளிகளைக் கூப்பிட்டால் வெட்கமில்லாமல் வந்து வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள், பெரும்பான்மைக்கு வெட்கம் கிடையாது என்றார் என் நண்பர். இருக்கலாம். ஆனால் 2011-ல் நான் கொண்டுபோன மனுவை அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவளுக்கு உரக்கப் படித்துக்காட்டி, அவள் எதிரில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு கட்டாயம் இருந்திருந்தால் அதை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். கரி வேண்டாம் என்பதை எடுத்திருக்கமாட்டேன். எங்கள் மூச்சும் எனக்கு முக்கியம்தான். எங்கே போகிறதோ அங்கே மூடிய கிடங்கு இருக்க வேண்டும், மூடிய வழியில் நகர வேண்டும், அதற்கான செலவில் எங்கள் பங்கு இவ்வளவு என்று இரண்டு வரி கூடியிருக்கும். ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது கேட்பதன் நிபந்தனைகள் மாறுகின்றன. மனுவில் அக்காவின் தெரு இல்லாமல் போனதற்குக் காரணம் நான் கெட்டவன் என்பதல்ல. அவள் எதிரில் இல்லை, அவ்வளவுதான்.

நடைமுறையில் இதற்கு இடம் இருக்கிறது. புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் கருவி பொருத்த வேண்டிய அளவுக்குக் கட்டுப்பாடுகளை 2015 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்தது. இரண்டு வருஷம் கெடு. கெடு தள்ளிப்போயிற்று, மறுபடி தள்ளிப்போயிற்று. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கருவியே வேண்டாம் என்று விலக்குக் கொடுத்துவிட்டார்கள். சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, செலவு மின்கட்டணத்தில் ஏறும் என்பது. யூனிட்டுக்குச் சில பத்துக் காசு. என் சார்பில், என் பணத்தை மிச்சப்படுத்துவதற்காக எடுக்கப்பட்ட முடிவு இது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கொடுக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேனா? அக்கா எதிரில் என்றால், ஆமாம். தனியாக வீட்டில் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு என்றால் சத்தியம் செய்யமாட்டேன்.

கரியை விட்டுவிட்டுப் பசுமை மின்சாரத்துக்குப் போனால் இந்தக் கேள்விகளெல்லாம் காலாவதியாகிவிடும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். போக வேண்டியதுதான், சீக்கிரம் போக வேண்டும். வெயிலுக்கும் காற்றுக்கும் சாம்பல் கிடையாது. செப்பாக்கத்துக்கு அது சின்ன விஷயமல்ல. ஆனால் கேள்வி காலாவதியாகாது. 2016-ல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. இராமநாதபுரத்து வறண்ட பூமிதானே, சீமைக் கருவேலம்தானே என்றோம். எண்ணூரைப் பற்றியும் உப்புச் சேறுதானே என்றுதான் ஆரம்பித்தோம். அங்கே ஆடு மேய்த்தவர் எந்தப் பந்தலில் யாரைப் பார்த்துப் பேசினார் என்று நான் விசாரித்ததில்லை.

கூட்டத்தில் பேச எனக்கு வாய் வரவில்லை. எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். பந்தலின் ஓரத்தில் நின்று இரண்டு பக்கம் எழுதினேன். ராயபுரம் விலாசம் போட்டு, 2011-ல் நான் செய்ததை எழுதி, இந்த மின்சாரத்தை உபயோகிக்கப் போகிறவன் என்ற முறையில் நான் எந்த நிபந்தனைகளோடு அதைக் கேட்கிறேன் என்று எழுதினேன். மேஜையில் காகிதம் வாங்கிக்கொண்டிருந்த இளைஞர் மரியாதையாகவே பேசினார்.

"ஆதரவா, எதிர்ப்பா சார்?"

"ரெண்டும் இல்லீங்க. பயனாளி."

அவர் முன்னால் இரண்டு அடுக்குகள் இருந்தன. ஒன்று மெல்லியது, ஒன்று தடிமன். என் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"நெறைய எழுதியிருக்கீங்க சார். எதிர்ப்புலயே வச்சிடறேன்" என்றார்.